முறமும் வெட்டும்: நடித்தவரே தொகுத்த ஒரு குறும்படம்

திரைப்படத் தொழிலில் நடிப்பும் படத்தொகுப்பும் இரு வேறு இடங்களில், இரு வேறு காலங்களில் நிகழும் பணிகள். நடிகர் வெயிலிலும் விளக்கொளியிலும் நின்று, ஒரு காட்சியைத் துண்டு துண்டாக, கதையின் வரிசைக்குப் புறம்பான வரிசையில் நடித்து முடித்துச் சென்றுவிடுகிறார். தொகுப்பாளர் பல நாள் கழித்து ஓர் அறையில் அமர்ந்து, அத்துண்டுகளில் எதை வைப்பது, எதை விடுவது, எந்த நொடியில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்குவது என்று முடிவு செய்கிறார். ஒருவர் மற்றவரை நேரில் பாராமலேயே படம் முடிந்து திரைக்கு வருவதும் உண்டு. மாணவர் குறும்படத்தில் மட்டும் இந்த இடைவெளி அடிக்கடி இல்லாமற்போகிறது. ஆள் குறைவாலும் பணக் குறைவாலும், கேமராவுக்கு முன்னால் நின்றவரே கணினிக்கு முன்னாலும் அமர நேர்கிறது. தம் முகத்தைத் தாமே வெட்டும் இந்த நிலை தொகுப்பாளருக்கு எதைக் கொடுக்கிறது, அவர் கண்ணிலிருந்து எதை மறைக்கிறது என்பதை, ஜவ்வாது மலையில் எடுக்கப்பட்ட 12 நிமிட மாணவர் குறும்படம் ஒன்றின் பணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை பேசுகிறது.

தொழிலின் சில சொற்களை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. கேமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை பதிவாவது ‘ஷாட்’; அதே ஷாட்டைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டேக்’; அவற்றுள் இயக்குநர் ஏற்பது ‘ஓகே டேக்’, தள்ளுவது ‘என்.ஜி.’. எடுத்தவை அனைத்தும் சேர்ந்து ‘ரஷ்’ எனப்படும். தொகுப்பாளர் ரஷ்ஷை முழுவதும் பார்த்துக் குறிப்பெழுதி, கதை வரிசையில் தளர்வாக அடுக்கிய வடிவம் ‘ரஃப் கட்’; அதனைச் செதுக்கி இறுக்கியது ‘ஃபைன் கட்’; இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று முடிவாகும் நிலை ‘பிக்சர் லாக்’. ஃபிரேம் என்பது அசையாத ஒற்றைப் படம். சினிமாவில் ஒரு நொடிக்கு அத்தகைய 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே தொகுப்பாளரின் மிகச் சிறிய அளவுகோல் ஒரு நொடியின் 24இல் ஒரு பங்கு.

இரண்டு வேலைகளையும் ஒருவரே செய்வது மாணவர்களின் வசதிக் குறைவால் புதிதாகத் தோன்றியதன்று. அமெரிக்க மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் 1924இல் வெளியான ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில் தாமே நடித்து, இயக்கி, தொகுத்தார். அதில் படம் ஓட்டும் தொழிலாளி ஒருவன் கனவில் திரைக்குள் நுழைகிறான். அவன் நின்ற இடத்தில் நிற்க, பின்னணி மட்டும் தோட்டமாக, தெருவாக, மலை விளிம்பாக, கடற்பாறையாக வெட்டுக்கு வெட்டு மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் நடிகரின் உடல் முந்தைய ஷாட்டில் இருந்த அதே தூரத்தில், அதே நிலையில் இருந்தாலன்றி அந்த வித்தை பலிக்காது; அதற்காகக் கேமராவுக்கும் நடிகருக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து அளந்து எடுத்தனர். வெட்டு எங்கே விழும் என்பதை அறிந்த உடல் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. தமிழ்த் திரையிலும் தொகுப்பறையிலிருந்து புறப்பட்டு இயக்குநர் பணிக்குச் சென்றவர்கள் பலர். 1952இல் ‘பராசக்தி’யை இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு, ‘பஞ்சாபி’ என்னும் பெயரில் படங்களைத் தொகுத்தவர். அவர்களிடம் தொகுப்பு உதவியாளராக இருந்தவர் ஏ. பீம்சிங், ஏவி.எம். நிறுவனத்தின் தொகுப்புப் பிரிவில் தொழில் கற்றவர் எஸ்.பி. முத்துராமன். பீம்சிங்கின் மகனும் தொகுப்பாளருமான பி. லெனின் 1992இல் இயக்கிய ‘நாக் அவுட்’ என்னும் குறும்படம் தேசிய விருது பெற்று, குறும்படம் என்பது முழுநீளப் படத்துக்கான படிக்கட்டு மட்டுமே என்ற எண்ணத்தை அசைத்தது. பின்னர் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியே கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றோர் வெளிப்பட்டதும், அங்குக் குறும்படமாக வந்த ‘முண்டாசுப்பட்டி’ 2014இல் முழுநீளப் படமானதும் கல்லூரி மாணவர்களிடையே குறும்பட மோகத்தைப் பெருக்கின.

மலையும் வெளிச்சமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஏறினால் ஜமுனாமரத்தூர், திருப்பத்தூரிலிருந்து ஏறினால் புதூர்நாடு, ஆலங்காயத்திலிருந்து ஏறினால் காவலூர் என மூன்று பக்கமும் மூன்று வாசல்கள். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். சாமையும் புளியும் தேனும் பலாவும் மலையிலிருந்து கீழே இறங்குகின்றன. வேலை தேடி மனிதர்களும் இறங்குகின்றனர். கீழே வேலைக்குப் போன ஒரு மகன் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்புவதும், திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருக்கும் தாய் கையை நிறுத்தாமலேயே அவன் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கேட்டுக்கொள்வதுமே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் குறும்படத்தின் கதை. மகனாக நடித்தவர் சமவெளியிலிருந்து சென்ற மாணவர். படத்தைத் தொகுத்தவரும் அவரே. தாயாக நடித்தவர் அவ்வூர்ப் பெண்மணி; அதற்கு முன் கேமராவுக்கு முன்னால் நின்றறியாதவர்.

மலையில் படம் எடுப்பவர்களுக்கு முதல் எதிராளி வெளிச்சம். காலையில் பனிமூட்டம் விலகும் வரை எல்லாப் பொருளும் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். விலகியதும் நிழல் கத்தி போல விழும். பிற்பகலில் மேகம் ஒன்று சரிவைக் கடந்தால் ஒரே டேக்குக்குள் இரண்டு பொழுதுகள் பதிவாகிவிடும். இரவிலோ இருள் முழுமையானது. அந்த இருளுக்காகவும் தெளிந்த வானத்துக்காகவும்தான் வானியலாளர் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தார்; 1968இல் அங்கு வானாய்வு தொடங்கி, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் விட்டம் கொண்ட தொலைநோக்கி அவர் பெயரால் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. தொலைநோக்கிக்கு வரமான இருள், மாணவர் கையிலிருக்கும் சிறு கேமராவுக்குச் சாபம். ஒளியைக் கூட்டிக் காட்ட முயன்றால் படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே இரவில் நிகழ வேண்டிய கடைசிக் காட்சி அந்தி வெளிச்சத்துக்கு மாற்றப்பட்டது. நாளொன்றுக்கு அந்தி 20 நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அதற்குள் எடுக்க முடிந்தது 2 ஷாட்டுகள்.

கேமராவுக்கு முன்னால்

திரைநடிப்பு என்பது மேடை நடிப்பிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது: மேடையில் ஒருமுறை செய்ததை அன்று மறுபடியும் செய்ய வேண்டியதில்லை, திரையில் ஒரே செயலைத் தொலைவிலிருந்து ஒருமுறை, கிளோசப்பில் ஒருமுறை, எதிரில் இருப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருமுறை என்று பல முறை செய்ய வேண்டும். தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பதைத் தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் ‘சஜஷன்’ என்பர். இவை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டுமானால், எந்தச் சொல்லில் கை உயர்ந்ததோ அந்தச் சொல்லிலேயே ஒவ்வொரு முறையும் உயர வேண்டும்; பையை இடத்தோளில் மாட்டியவர் அடுத்த ஷாட்டிலும் இடத்தோளிலேயே மாட்டியிருக்க வேண்டும். இந்த ஒழுங்குக்குக் ‘கன்டினியூட்டி’ என்று பெயர். இதனைக் கவனித்துக் குறிப்பெழுத முழுநீளப் படங்களில் தனியாக ஓர் உதவி இயக்குநர் இருப்பார். மாணவர் படத்தில் அது எல்லாரும் பார்த்துக்கொள்ளும் வேலை, அதாவது பெரும்பாலும் ஒருவரும் பார்க்காத வேலை.

பின்னர் தொகுக்கப் போகிறவரே நடிக்கும்போது இந்த ஒழுங்கு இயல்பாகவே அவர் உடலில் படிந்துவிடுகிறது. தாம் உட்காரும் அசைவில் ஒரு வெட்டு விழும் என்று அவருக்குத் தெரியும்; ஆகவே அகன்ற ஷாட்டில் முழுவதுமாக உட்கார்ந்தும், கிளோசப்பில் மீண்டும் நின்ற நிலையிலிருந்து உட்கார்ந்தும் காட்டி, இரண்டுக்கும் பொதுவான அசைவு கைவசம் இருக்கும்படி செய்துகொள்கிறார். ‘கட்’ என்ற குரல் கேட்ட பின்னும் இரண்டு நொடி முகம் மாறாமல் இருக்கிறார். அந்த இரண்டு நொடியில்தான் தொகுப்பாளருக்குத் தேவையான வால் இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். இவையெல்லாம் ஆதாயங்கள். ஆனால் இதே அறிவு நடிப்பை உலர்த்தியும் விடுகிறது: எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைக் கேளாமல், தம் கை எங்கே இருக்கிறது என்பதையே மனம் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது.

தாயாக நடித்த பெண்மணிக்கு இந்தக் கணக்கு ஏதும் இல்லை. அவர் நடிக்கவில்லை, வேலை செய்தார். தானியத்தைச் சுத்தம் செய்வதில் பல வகை உண்டு: முறத்தை மேலும் கீழும் அசைத்து உமியைப் பறக்கவிடுவது புடைத்தல், பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் மண்ணையும் ஒதுக்குவது கொழித்தல், பருமனும் நொய்யும் பிரிய மெல்லத் தட்டுவது தெள்ளுதல். முறத்தில் இருக்கும் சாமை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்பக் கை தானாக மாறிக்கொள்ளும். ‘இன்னொரு டேக், அதே மாதிரி’ என்று கேட்டபோது, ‘அதுதான் பறந்துடுச்சே, இனிமே எதைப் புடைக்கிறது?’ என்று அவர் கேட்டார். உமி போன தானியத்தில் மறுபடி உமி பறக்காது என்ற அந்த எளிய உண்மைக்குக் குழுவிடம் பதில் இல்லை. குத்திய சாமையை இன்னும் ஒரு படி கொண்டுவரச் செய்து வேலை தொடர்ந்தது.

மேசையில்

மூன்று நாள் படப்பிடிப்பில் சேர்ந்த ரஷ் ஏறத்தாழ 6 மணி நேரம்; முடிந்த படத்தின் நீளத்துக்கு 30 மடங்கு. படச்சுருளின் காலத்தில் 400 அடிச் சுருள் ஒன்று 4 நிமிடம் 26 நொடி மட்டுமே ஓடும். அக்கணக்கில் இந்த ரஷ்ஷுக்கு 80க்கும் மேற்பட்ட சுருள்கள் ஆகியிருக்கும், எந்த மாணவரும் அதை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். மெமரி கார்டு மலிவானதால் எடுப்பது எளிதாயிற்று. தேர்வதன் பாரம் முழுவதும் தொகுப்பாளர் தலைமேல் விழுந்தது. மென்பொருளுக்குப் பணம் தேவைப்படவில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இவ்வளவுக்கும் போதுமானது.

ரஷ்ஷைப் பார்த்துப் பெயரிடும் ‘லாக்கிங்’ பணியில்தான் முதல் சிக்கல் தெரிந்தது. முதல் நாள் எழுதிய குறிப்புகளில் ‘என் கிளோசப், நல்லா இருக்கு’, ‘என் வாக் ஷாட், டேக் 7’ என்றெல்லாம் பதிவாகியிருந்தன. அந்த ‘என்’ இருக்கும் வரை தேர்வு நேர்மையாக நடக்காது என்பதை உணர்ந்து, மறுநாள் எல்லாக் குறிப்புகளிலும் அது ‘மகன்’ என்று மாற்றப்பட்டது. பார்ப்பதற்கு எழுத்து மாற்றம் மட்டுமே. ஆயினும் ‘மகன் கிளோசப், டேக் 3’ என்று படிக்கும்போது அந்த முகத்தைத் தள்ளிவைத்துப் பார்ப்பது சற்றே எளிதாயிற்று. தம் படத்தைத் தாமே தொகுப்பவரிடம் இரண்டு நோய்கள் மாறி மாறி வரும்: ஒன்று, தம் முகத்தின் மேல் மோகம், மற்றொன்று, தம் குரலின் மேல் வெறுப்பு. முதலாவது தேவையற்ற ஷாட்டைக் காப்பாற்றும், இரண்டாவது தேவையான வசனத்தைக் கொன்றுவிடும்.

இவ்விரண்டையும்விட ஆழமானது மூன்றாவது நோய். ‘அப்பொகலிப்ஸ் நவ்’, ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ ஆகிய படங்களில் பணியாற்றிய தொகுப்பாளர் வால்டர் மர்ச், தொகுப்பாளர் படப்பிடிப்புத் தளத்துக்குக் கூடியவரை போகாமலிருப்பதே நல்லது என்பார். ஒரு ஷாட்டை எடுக்கக் குழு பட்ட பாட்டைக் கண்டவர், அந்தப் பாடு திரையில் தெரியாதபோதும் தெரிவதாகவே எண்ணிக்கொள்வார் என்பது அவர் வாதம். மேலும் வெட்டு ஒன்றைத் தீர்மானிக்கும் ஆறு காரணங்களை அவர் எடைபோட்டு, உணர்வுக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் நகர்வுக்கு 7, திரையின் தளத்துக்கு 5, வெளியின் தொடர்ச்சிக்கு 4 என்று பகிர்கிறார். அதாவது உணர்வு ஒன்றே மற்ற ஐந்தின் கூட்டைவிடக் கனமானது. தளத்துக்கே போகாதிருக்கச் சொல்லும் ஓர் ஆசானின் அறிவுரையை, தளத்தில் வியர்த்து நின்ற நடிகர் எவ்வாறு பின்பற்றுவது?

சரிவேறும் ஷாட் இதற்குச் சான்று. மகன் பேருந்திலிருந்து இறங்கி, பையைச் சுமந்து, பாறைச் சரிவில் ஏறி வரும் ஒரே நீண்ட ஷாட் 1 நிமிடம் 50 நொடி ஓடியது. அதனை ஏழு முறை ஏறி நடித்தவருக்கு ஒவ்வொரு கல்லும் நினைவிருந்தது. முழங்கால் நடுக்கமும் மேல்மூச்சும் படத்தில் அப்படியே இருப்பதாக அவர் நம்பினார். ரஃப் கட்டில் ஷாட் முழுவதும் இடம்பெற்றது. உடன் பயில்வோர் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்கள்: ‘லேக்.’ படம் நகராமல் தேங்குவதைக் குறிக்க இன்றைய ரசிகர்கள் பலரும் கையாளும் சொல் அது. தேங்கியது உண்மைதான், தொலைவிலிருந்து எடுத்த அந்த ஷாட்டில் தெரிந்தது மேட்டில் நடக்கும் ஒரு சிறு உருவம் மட்டுமே, நடுக்கமும் மூச்சும் நடித்தவரின் காலில் இருந்தனவேயொழிய ஃபிரேமில் இல்லை. பத்து நாள் கோப்பைத் திறக்காமல் வைத்திருந்து, ஒலியை முழுவதும் அடைத்துப் பார்த்தபோது அவர் கண்ணுக்கும் அது புலப்பட்டது. ஷாட் 14 நொடியாகக் குறைந்தது.

எனினும் உடலின் நினைவு எப்போதும் பொய்யாவதில்லை. திண்ணையை அடைந்த மகன் பேச வாயெடுத்துப் பேசாமல் விடும் கிளோசப்பில், வெட்டு எங்கே விழுந்தாலும் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. நடித்தபோது மூச்சை எங்கே உள்ளிழுத்தோம் என்று நினைவுகூர்ந்து, இழுத்த மூச்சு வெளியேறுவதற்கு 5 ஃபிரேம் முன்னதாக வெட்டியவுடன் காட்சி சட்டென்று சரியாக அமர்ந்தது. சொல்ல வந்ததை மகன் விழுங்கிவிட்டான் என்பது அந்த அடைபட்ட மூச்சிலேயே தெரிந்தது, வசனம் தேவைப்படவில்லை. வெளியாள் ஒருவர் தொகுத்திருந்தாலும் அந்த இடத்தை அடைந்திருக்கக்கூடும், ஆனால் தேடியிருக்க வேண்டும். நடித்தவருக்கு அது நெஞ்சிலேயே பதிந்திருந்தது. எவ்வளவு உழைத்தோம் என்று உடல் சொல்வதைத் தொகுப்பாளர் நம்பலாகாது; எங்கே மூச்சு வாங்கினோம் என்று சொல்வதை நம்பலாம்.

வசனங்களும் இவ்வாறே கழிந்தன. திரைக்கதையில் மகனுக்கு 9 வசனங்கள். அவற்றை நடித்தவர் மலைப்பேச்சின் இழுப்பைப் போலச் செய்ய முயன்றிருந்தார். படப்பிடிப்பில் இயல்பாகத் தோன்றிய அது, தாயின் ஒற்றை ‘ம்’முக்கு முன்னால் வைத்துக் கேட்டபோது கடன் வாங்கிய சட்டை போலத் தொளதொளத்தது. 7 வசனங்கள் நீங்கின. அவற்றின் இடத்தில் முறத்தின் ஓசை நிறைந்தது: மகனின் முகம் திரையில் இருக்க, தாயின் முறம் தெரியும் முன்பே அதன் ஓசை தொடங்கிவிடும். அடுத்த ஷாட்டின் ஒலி, படத்துக்கு முன்னதாகவே நுழைவதை ‘ஜே கட்’ என்பர்; மென்பொருளின் காலக்கோட்டில் ஒலித்துண்டு ‘ஜே’ எழுத்தின் வால் போல முன்னே நீண்டிருப்பதால் வந்த பெயர். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் மொஸ்ஜூகினின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியபோது, பார்வையாளர்கள் அம்முகத்தில் பசியையும் துயரையும் ஆசையையும் கண்டார்கள் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. மகனின் முகத்தில் நடித்தவர் வருந்தி வருவித்த உணர்ச்சிகளைவிட, ஒன்றும் செய்யாத டேக் 3இன் முகத்தோடு முறத்தின் ஓசை சேர்ந்தபோதே காட்சி பேசிற்று. நடிகருக்கு இது சற்றுக் கசப்பான பாடம்; தொகுப்பாளருக்கு நிம்மதி.

இரண்டாம் பயணம்

ஃபைன் கட்டில் ஓரிடத்தில் பாலம் இல்லை. தாயின் அகன்ற ஷாட்டிலிருந்து மகனின் கிளோசப்புக்குப் போகையில் நேரம் தாவியது. இடையே 3 நொடிக்கு முறத்தையும் கைகளையும் மட்டும் காட்டும் ‘இன்சர்ட்’ ஒன்று தேவைப்பட்டது. இவ்வாறு விடுபட்டதைப் பின்னர் சென்று எடுத்து இட்டு நிரப்புவதைத் தொழிலில் ‘பேட்ச் ஒர்க்’ என்பர். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது போன்ற வேலை. ஐந்து வாரம் கழித்து நான்கு பேர் மட்டும் மீண்டும் மலையேறினர்.

ஒட்டு தெரியாதிருக்க எல்லா முயற்சியும் எடுக்கப்பட்டது. பழைய ஷாட்டின் அசையாப் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அதே திண்ணை, அதே காலை 9 மணி, அதே லென்ஸ், அதே சேலை, வளையல்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். ஃபிரேமின் ஓரத்தில் மகனின் முழங்கை சற்றே தெரிய வேண்டியிருந்ததால், நடித்தவர் அதே சட்டையை அணிந்து, கையை அதே கோணத்தில் மடித்து உட்கார்ந்தார். தம் முழங்கை பழைய படத்தோடு ஒட்டும்வரை மூன்று முறை திருத்திக்கொண்டார். முதல் பயணத்தில் மறந்துபோன இன்னொன்றும் இம்முறை நினைவாக எடுக்கப்பட்டது: எல்லோரும் பேசாமல் நின்று, அந்த இடத்தின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்தனர். ஒவ்வோர் இடத்துக்கும் அதன் மௌனம் உண்டு; பூச்சியும் காற்றும் தொலைவில் குரைக்கும் நாயும் சேர்ந்த அந்த ‘ஆம்பியன்ஸ்’ அடியில் ஓடினால்தான் வெட்டுகளின் இடுக்குகள் காதுக்குப் படாமல் மூடும்.

இன்சர்ட் அழகாக ஒட்டிற்று. வகுப்பறையில் படம் திரையிடப்பட்டபோது, ஐந்து வார இடைவெளி அந்த 3 நொடியில் ஒளிந்திருப்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆசிரியரும் கன்டினியூட்டியைப் பாராட்டினார். பிக்சர் லாக் ஆயிற்று.

பின்னர் அதே ஊரில், பள்ளிக்கூடச் சுவரில் வேட்டி கட்டிப் படம் காட்டப்பட்டது. சரிவேறும் ஷாட்டில் பிள்ளைகள் தங்கள் பாறையைப் பெயர் சொல்லிக் கூவினர். திண்ணைக் காட்சி வந்தது, முறம் வந்தது, பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு எழுந்தது. அது துயரக் காட்சி. நடித்தவர் தம் முகத்தில்தான் ஏதோ பிழை என்று கலங்கினார். படம் முடிந்ததும், தாயாக நடித்த பெண்மணியே விளக்கினார்: ‘குத்தின சாமையைப் புடைச்சிக்கிட்டே இருக்கேன், நடுவுல குத்தாத சாமை வந்துடுது, மறுபடியும் குத்தினது. எந்தப் பொம்பளை அப்படிப் புடைப்பா?’

கோப்பைத் திறந்து பார்த்தபோது அது பட்டப்பகலாகத் தெரிந்தது. முதல் பயணத்தில் முறத்தில் இருந்தது உரலில் குத்தி உமி பிரிந்த வெளிறிய சாமை. முறம் எழும்போது உமி ஒரு மெல்லிய புகையாக விலகிற்று. இன்சர்ட்டில் இருந்தது களத்திலிருந்து வந்த, உமி கழியாத, பழுப்பு மினுக்குள்ள சாமை. அதிலிருந்து பறந்தது தூசியும் சருகும் மட்டுமே. கையின் அசைவும் அதற்கேற்ப வேறாக இருந்தது. வேட்டி கட்டிய சுவரில் 3 நொடியில் அவர்கள் கண்டதை, கணினித் திரையில் நூறு முறைக்கு மேல் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவர் காணவில்லை. இன்சர்ட் எடுத்த காலையில் அவர் ஒப்பிட்டுப் பார்த்தவை தம் முழங்கை, சட்டை, வெளிச்சம், வளையல். படத்தின் நடுவில் இருந்த முறத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நடித்தவரின் கண் நடித்தவர்மீதே நின்றது. ‘என்’ என்ற சொல்லைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கியது போதுமானதாக இருக்கவில்லை.

கன்டினியூட்டி என்பது யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வியைப் பாடநூல்கள் கேட்பதில்லை. நடிப்போரை இணைக்கும் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்க வேண்டும் என்னும் 180 பாகை விதி, பார்வைத் திசை, அசைவின் பொருத்தம் ஆகியன எந்த ஊர்ப் பார்வையாளருக்கும் பொதுவானவை. ஆயின் ஒரு தொழிலைக் காட்டும் படத்தில் அத்தொழிலைச் செய்வோரின் கண்ணுக்கு வேறொரு தொடர்ச்சி உண்டு, அதில் தானியம் பின்னோக்கிப் போக முடியாது. வால்டர் மர்ச்சின் கணக்கில் வெளியின் தொடர்ச்சிக்குக் கிடைப்பது 4 விழுக்காடுதான். உணர்வுக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது பொதுவாகச் சரியே. இங்கோ அந்தச் சிறு பங்கு பிழைத்தபோது உணர்வின் 51உம் சிரிப்பில் கரைந்தது, ஏனெனில் அந்த ஊர்ப் பெண்களுக்கு முறத்தில் என்ன இருக்கிறது என்பதே கதை.

பிக்சர் லாக் உடைக்கப்பட்டது. மூன்றாவது பயணத்துக்குப் பணமில்லை. இன்சர்ட் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் தாயின் அகன்ற ஷாட்டே இன்னும் 2 நொடி நீடிக்க விடப்பட்டது. நேரம் தாவுவது இப்போதும் சற்றே தெரிகிறது. வகுப்பறையில் மறுமுறை பார்த்தவர்களில் இருவர் அதைச் சுட்டிக்காட்டினர். அது அப்படியே இருக்கட்டும் என்று விடப்பட்டது. அடுத்த படத்துக்காக அந்த மாணவர் அச்சிட்டு வைத்துள்ள கன்டினியூட்டித் தாளில் உடை, நகை, நேரம், வெளிச்சம், கை நிலை என்னும் பழைய கட்டங்களுக்கு முன்னால், முதற்கட்டமாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதன் தலைப்பு ‘பண்டம்’. நிரப்பும் முறையைக் காட்ட, மாதிரிக்காக முதல் வரியில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது: சாமை, குத்தியது, உமியோடு.